அழுகைக்கு ஒரு சாட்டு

செத்தல் மிளகாய் வறுபடும் நெடி எங்கிருந்து வந்தாலும், எனக்குத் தும்மலுக்கு முன்னால் அக்காதான் வருகிறார். இன்று காலையும் அப்படித்தான். பக்கத்து வளவில் யாரோ தூளுக்கு வறுக்கிறார்கள். தாச்சியில் செத்தல் கறுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், மல்லியின் மணத்தையும் பெருஞ்சீரகத்தின் மணத்தையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு காரம் வேலியைத் தாண்டி வந்தது. தொண்டை கமறியது. கண் கரித்தது. யன்னலைச் சாத்தப் போன கை பாதியில் நின்றுவிட்டது. சாத்தினால் அவரையும் வெளியே நிறுத்திவிடுவேன் போலிருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவரை ஊரில் வேறெப்படிக் கூப்பிடுவது? உருத்திரபுரத்தில் வாய்க்கால் ஓரம், தகரக் கூரை போட்ட மில் ஒன்று அவருடையது. அரிசி மா, மிளகாய்த் தூள், சில நாளில் உழுந்து. பெல்ட் சுழலும் சத்தத்தில் அங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாது. இரகசியம் சொல்ல வந்தவர்களும் கத்தித்தான் சொல்ல வேண்டும். செத்தல் அரைபடும் நேரம் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் கண்ணீர் ஓடும். அந்தக் கண்ணீர்களுக்குள் அக்கா தன்னுடையதையும் கலந்துவிடுவார்.

அவருடைய அழுகையை ஊருக்கே தெரியும். செத்த வீட்டில் அழுவது எல்லோரும் செய்வது. அக்கா யாரோ ஒருவரின் பசு கன்று போட்டதற்கு அழுவார். எங்கள் பக்கம் மறுபடி கரண்ட் வந்த அன்று, மில் வாசலில் குமிழ் எரிந்ததைப் பார்த்து அழுதார். முகத்தைப் பொத்துவதில்லை. மூக்கை உறிஞ்சுவதில்லை. நின்ற இடத்தில் நின்று, கை மாவைத் தள்ளிக்கொண்டிருக்க, மழை பெய்கிற மாதிரி அழுவார். மழை மாதிரியே சடாரென்று விடும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு,

"சரி, அடுத்தது ஆற்ற பெட்டி?" என்று வரிசையில் நிற்கிறவர்களில் யாருடைய முறை என்று கேட்பார்.

"அழுகிறதெண்டால் ஒழுங்கா அழ வேணும் தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "அரைகுறையா அழுதால் அது நெஞ்சுக்கை நிண்டு புளிச்சுப் போம்."

அவர் ஒழுங்காக அழாத அழுகை ஒன்று இருந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில், பதுங்குகுழி வாசலில் மகன் விழுந்தான். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை. கையாலேயே மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு ஓடினார். புருசன் அதற்கு முந்தியே போய்விட்டிருந்தார். "அப்ப அழ நேரமிருக்கேல்லை" என்பார், தண்ணீர் அள்ள நேரமிருக்கவில்லை என்று சொல்லுகிற குரலில்.

அதனால் ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கரைக்குப் போவார். வன்னி முழுவதும் அந்த ஒரு நாளில் அங்கேதான் போய்ச் சேரும். சுடர் ஏற்றி, சிரட்டையில் உப்புக் கஞ்சி குடித்து, கடலைப் பார்த்து அழும். என் அண்ணனும் அந்த மணலில்தான் இருக்கிறார். நானும் போவேன். அன்று அழாதவர் இல்லை. ஆனாலும் அக்காவின் குரல் தனியே கேட்கும். அவர் மட்டும் மகனோடு கதைப்பார். "வந்திட்டனடா. அண்டைக்கு ஓடிப் போட்டன் எண்டு நினைச்சிராதை. இந்தா, அழுதிட்டுத்தான் போவன்."

பிறகு ஒரு காலம், அந்த மழை விடாமல் பெய்யத் தொடங்கியது. மகள் கல்யாணம் கட்டிச் செட்டிகுளத்துக்குப் போனதற்குப் பிறகென்று நினைக்கிறேன். அழத் தொடங்கினால் 'அடுத்தது ஆற்ற பெட்டி' வரவில்லை. மில் பூட்டிக் கிடந்தது. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. தலைமயிர் சடை பிடித்தது. ஒரு பின்னேரம், மாடு சாய்க்கப் போனவர்கள் அவரைக் குளக்கட்டில் கண்டார்கள். செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கதை கொடுத்துக் கொடுத்துக் கூட்டி வந்தார்கள்.

அப்படித்தான் அவர் கிளினிக்குக்கு வந்தார்.

அந்த நாட்களில் நான் மனநலக் கிளினிக்கில் மொழிபெயர்க்கிற வேலை பார்த்தேன். தெற்கிலிருந்து வந்திருந்த இளம் பெண் டொக்டருக்குத் தமிழ் நாலைந்து சொல்லுக்கு மேல் ஓடாது. "அம்மா, நித்திரை வருதா? சாப்பாடு நல்லமா?" மிச்சமெல்லாம் என் வாயால் போய் என் வாயால் வர வேண்டும். எத்தனையோ பேருடைய துயரத்தைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு வருகிற நாக்குத்தான் வீட்டில் சோற்றுக்கு உப்புக் காணாது என்று சொல்லும்.

மகனுக்கு என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டார். அக்கா சொன்னார். நான் அதை மற்ற மொழிக்குத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன். டொக்டரின் பேனை நின்றுவிட்டது. கடைசியில் அக்காதான் வாய் திறந்தார்.

"அவா அப்ப பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்திருப்பா. முகத்தைத் தொங்கப்போட வேண்டாமெண்டு சொல்லு தம்பி."

சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு நரம்பு முனைகளை வரைந்தார். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், தொட்டுக்கொள்ளாத இரண்டு குமிழ்கள்.

"மூளைக்குள்ள நரம்புகள் ஒண்டையொண்டு முட்டுறதில்லையாம் அக்கா" என்று நான் தொடங்கினேன். "நடுவில ஒரு சின்ன இடைவெளி இருக்கு. இஞ்சால் நரம்பு செரட்டோனின் எண்ட ஒரு சாமானை அதுக்குள்ள விடும். அங்கால் நரம்பு அதை வாங்கினால்தான் சேதி போய்ச் சேரும். மிச்சம் கிடக்கிறதை, விட்ட நரம்பே திரும்ப உறிஞ்சி எடுத்திடும்."

"குடுத்ததைத் திருப்பிப் பறிக்குமோ? நல்ல நரம்பு!"

"இந்தக் குளிசை அந்த உறிஞ்சிற வாயை அடைக்கும். அப்ப சாமான் நடுவில கொஞ்சம் கூட நேரம் நிக்கும்."

"வாய்க்கால் தண்ணியை மறிச்சுக் கட்டுறது. விளங்குது." வயல்காரர்களுக்கு நடுவே வளர்ந்த மூளை அது. "ஆனா தம்பி, தண்ணி கன நாள் நிண்டால் பயிர் அழுகுமே? அதைக் கேள்."

கேட்டேன். டொக்டர் சிரித்தார், பிறகு சிரிப்பை விட்டு நிதானமாகச் சொன்னார். சாமான் நிறைய நிற்கும்போது அதை வாங்குகிற நரம்பு தன் வாசல்களைத் தானே குறைத்துக்கொள்ளும். அது பழகிவரக் கிழமைகள் செல்லும். குளிசை விழுங்கிய அன்றே வாய் மறிபட்டாலும் மனம் இலேசாக நாள் எடுப்பது அதனாலாக இருக்கலாம். நரம்புகள் புதுக் கிளை விடுகின்றன என்கிறவர்களும் உண்டு. அந்தச் சாமான் குறைந்துதான் மனம் உடைகிறதென்றும் அடித்துச் சொல்ல முடியாது. பலருக்குச் சுகம் வருகிறது. எப்படி என்பது எங்களுக்கும் முழுக்கத் தெரியாது.

இதை அப்படியே சொல்வதா என்று தயங்கித்தான் சொன்னேன்.

"பரவாயில்லை. என்ர மில் எப்படி ஓடுதெண்டு எனக்கும் முழுக்கத் தெரியாது" என்றார் அக்கா.

முதல் கிழமைகள் கொடுமையாக இருந்தன. சுகம் பின்னால் வரும். தொல்லை முன்னால் வந்து கதவைத் தட்டும். குமட்டல். அதே சாமான் மூளையைவிடக் குடலில்தான் அதிகம் இருக்கிறதாம், அதனால் வயிறு முதலில் குழம்புமாம். வாய் காய்ந்தது. போகுமிடமெல்லாம் தண்ணீர்ப் போத்தலோடு திரிந்தார். விட்டு விட்டுக் கொட்டாவி, இரவில் வேர்வை, கையில் ஒரு நடுக்கம். மனப் பதற்றம் குறையும் முன் கொஞ்சம் கூடியது. அதற்காகவே டொக்டர் மகளைச் சில கிழமை தாயோடு வந்து நிற்கச் சொன்னார்.

இரண்டாம் முறை கிளினிக்கில் டொக்டர் வேறொன்றும் கேட்டார். இந்தக் குளிசை உடல் ஆசையைக் குறைக்கும். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. சிங்களத்தில் மிகச் சாதாரணமாக இருந்த அந்த வசனத்துக்குத் தமிழில் சொல் தேடினேன்.

"அக்கா... உடம்பில... வேற ஏதும் மாற்றம்... அதாவது..."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். டொக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"அந்தாள் போய் எத்தனை காலம்! இனி ஆசை குறைஞ்சதெண்டு ஆர் வந்து முறைப்பாடு வைக்கப் போகினம்? உனக்கேன் தம்பி காது சிவக்குது?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. டொக்டருக்குத் தேவைப்படவுமில்லை.

மில் திறந்தது. தலை வாரி, நெற்றியில் விபூதி பூசி, பழையபடி மாப் படிந்த கையோடு நின்றார். சாக்கோடு வந்த ஒருவன் பெல்ட் சத்தத்துக்கு மேலால் கத்தினான்:

"என்னக்கா, விசர்க் குளிசையோ போடுறியள்?"

"ஓமடா! உனக்கும் டொக்டரிட்டச் சொல்லி எடுத்துத் தரட்டோ? உன்ர மனுசி ஒரு நாளாவது நிம்மதியாக் கிடப்பாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா நல்லாயிட்டா என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். எங்கள் ஊரில் நல்லாவது என்பது கடை திறப்பது.

அடுத்த வளவில் ஒரு சாவு. அக்கா போய்ப் பெண்களோடு இருந்தார். கண் காய்ந்திருந்தது. திரும்பி வரும்போது என்னோடு சேர்ந்து நடந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டோ? மில்லில செத்தல் அரைக்கேக்க எனக்குக் கண்ணீர் வருது. அழுகை வரேல்லை."

"கவலை குறைஞ்சிட்டுதாக்கும் அக்கா."

"கவலை அங்கதான் கிடக்கு. நான்தான் அதுக்குக் கிட்டப் போகேலாமல் நிக்கிறன். கண்ணாடி போட்ட அலுமாரிக்குள்ள சாமான் இருக்கிற மாதிரி. பெடியன்ர படத்தைப் பாக்கிறன். வடிவான பிள்ளை எண்டு மனம் சொல்லுது. ஆற்றையோ பிள்ளையைச் சொல்லுற மாதிரி."

இதையும் அடுத்த கிளினிக்கில் சொன்னேன். சிலருக்கு அப்படி நடக்கும் என்றார் டொக்டர். துயரத்தின் மேட்டை வெட்டிச் சமனாக்கும்போது மற்ற மேடுகளும் சரிந்துவிடுவதுண்டு. அளவைக் குறைத்துப் பார்க்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், மெல்ல மெல்ல. இன்னொன்றும் சேர்த்தார்: எல்லாவற்றையும் குளிசையின் தலையில் போடவும் முடியாது, காலம் போகப் போக மனமும் தானாக ஆறும்.

கடைசி வசனத்தை நான் சொன்னதும் அக்கா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"காலமோ? காலமெண்டால் நான் அவனை மறந்திட்டன் எண்டெல்லே கருத்து! சொல்லு அவாட்ட, இது குளிசையின்ர வேலை. குளிசைதான்!"

டொக்டர் அவசரமாகத் தலையாட்டினார். குளிசையாகத்தான் இருக்கும் என்றார்.

அந்த வருடம் சித்திரை பிறந்ததும் அக்கா யாருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினார். டொக்டருக்குச் சொல்லவில்லை, மகளுக்குச் சொல்லவில்லை. மே மாதம் கரையில் நின்று அழுதார். நாங்கள் எங்கள் அழுகையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு அழுதார். மணலில் முகம் புதைத்து, வாயெல்லாம் மணலாக, "வந்திட்டனடா, வந்திட்டனடா" என்று. பஸ்ஸில் திரும்பும்போது முகம் குளித்தெழும்பியது போலிருந்தது.

"பாத்தியே? குளிசைதான்" என்றார்.

அந்த வெளிச்சம் ஒரு மாதம் கூட நிற்கவில்லை. ஆனியில் மில் பூட்டப்பட்டது. மழை மறுபடி விடாமல் பெய்தது. மகள் வந்து நின்றாள். மறுபடி முதல் குளிசை, மறுபடி குமட்டல், மறுபடி தண்ணீர்ப் போத்தல். விழுந்த கிடங்கிலிருந்து ஏறி வர மாரி தொடங்கிவிட்டது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து, விழுந்து விழுந்து எழும்பினால் ஒவ்வொரு முறையும் எழும்புவது கடினமாகும் என்று டொக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஒரு நாள் மட்டும் அழக்கூடிய மாதிரி ஒரு குளிசை இல்லையோ எண்டு கேள் தம்பி. மிச்ச நாளெல்லாம் நான் ஒழுங்கா இருப்பன். மில்லும் ஓட வேணும்தானே."

அப்படி ஒன்று இல்லை. டொக்டர் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அக்கா தலையாட்டினார். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் யாரோ ஏதோ சொன்னால் தலையாட்டுவாரே, அது மாதிரி.

அடுத்த சித்திரையில் மில்லுக்குப் போனேன். அக்கா மில்லை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு விளங்கிவிட்டது.

"நிப்பாட்டிப் போட்டியளோ அக்கா?"

"தலைக்குள்ள கரண்ட் அடிக்குது தம்பி. கண்ணை இஞ்சால திருப்பினால் மூளை பிந்தித்தான் திரும்புது. பெல்ட் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிற மாதிரி." சிரிக்கப் பார்த்தார். "அது ஒண்டுமில்லை. கரண்ட் வருதெண்டால் லைன் திறந்திட்டுதெண்டுதானே அர்த்தம்."

"போன முறை குளக்கட்டு வரைக்கும் போகாதது பெரிய காரியம். இந்த முறையும்..."

"அழாமல் அவனுக்கு முன்னால போய் நிக்கச் சொல்லுறியே?"

"அவன் உங்களை உயிரோட பாக்கத்தானே விரும்புவான்?"

"நீ பிள்ளை பெத்திருக்கிறியே?" என்றார். பிறகு என் முகம் போனதைப் பார்த்து, "ஏசேல்லையடா. பிளேன்ரி குடிச்சிட்டுப் போ" என்றார்.

மகளுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழுதாள். அந்த நாள் முடிந்ததும் கரையிலிருந்தே அம்மாவைச் செட்டிகுளத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதென்று புருசனோடு முடிவெடுத்தாள்.

அன்று வெயில் மணலில் நின்றது. கூட்டம் கூட்டமாகச் சனம். சுடர்கள் பகலில் தெரியாமல் எரிந்தன. அக்கா வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். அவனை அங்கேதான் தாட்டது என்று சொல்ல முடியாது, மணல் எத்தனையோ முறை இடம் மாறிவிட்டது. ஆனாலும் அவருக்கு அது இடம். மணி அடித்தது. எல்லாப் பக்கமும் அழுகை எழும்பியது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் அண்ணாந்து குழந்தை மாதிரிக் குழறினார். நானும் என் அண்ணனைக் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில்தான் உறைத்தது: அக்காவின் குரல் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. "வந்திட்டனடா" என்றார். காத்திருந்தார். மறுபடி "வந்திட்டனடா" என்றார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே யாரும் அசைகிறார்களா என்று கேட்கிறவரைப் போல் தலையைச் சாய்த்தார். குளிசை நின்று ஒரு மாதம் தாண்டிவிட்டது. மறித்துக் கட்டியதெல்லாம் திறந்துதான் கிடந்தது. தண்ணீர் வரவில்லை.

அவருடைய முகத்தில் அப்போது ஏறிய பயத்தை நான் கிளினிக்கிலும் கண்டதில்லை, அந்தக் கடைசி மாதங்களிலும் கண்டதில்லை.

பிறகு அவர் சேலைத் தலைப்பை எடுத்தார். அதன் மூலையில் ஒரு சின்ன முடிச்சு. அவிழ்த்தார். சிவப்பாகக் கொஞ்சம் தூள். சுட்டுவிரலால் தொட்டார், ஒரு கண், மற்றக் கண். காற்று என் பக்கம் வீசியது. வறுத்த செத்தலின் நெடி. சனம் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளைகளோடு இருந்தார்கள். அக்கா நிமிர்ந்து நின்று, எரிகிற கண்ணை மூடாமல், கடலுக்குக் காட்டினார். கன்னத்தால் வழிந்து நாடியில் சொட்டியது. முகம் அசையவில்லை.

வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறார். அப்படியானால் புறப்படும்போதே சந்தேகம் இருந்திருக்கிறது.

நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிப்போய்க் கண்ணைக் கழுவச் சொன்னேன். வாங்கவில்லை.

"பொறு. அவன் பாத்து முடியட்டும்."

மகள் வந்து தோளைப் பிடித்தாள். அம்மா அழுதிருக்கிறா என்று அவளுக்கு ஆறுதலாகக் கூட இருந்திருக்கும். நான் தூளைப் பற்றிச் சொல்லவில்லை. யாரோ நீட்டிய சிரட்டைக் கஞ்சியை அக்கா நின்றபடியே குடித்தார். வீதியோரம் மருமகன் கொண்டுவந்த வான் நின்றது. ஏறி, யன்னலோரம் இருந்தார். கண் இரண்டும் செத்தல் நிறத்தில் வீங்கியிருந்தன. அப்போதுதான் போத்தலை வாங்கி முகம் கழுவினார். தண்ணீர் ஊற்றிக் காரம் போனதும் கண்ணீரும் நின்றுவிட்டது.

வான் உறுமியது. செட்டிகுளம் போன அக்கா பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. மில் இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள். அன்று வானின் யன்னலுக்குக் கீழே நான் நின்றேன். என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. அக்கா வெளியே குனிந்து, மகளுக்குக் கேட்காமல், மில்லில் ஒருபோதும் பேசமுடியாத அவ்வளவு மெதுவான குரலில் சொன்னார்:

"நாளையிலயிருந்து குளிசையைப் போடுறன் தம்பி. ஏன் அழேல்லை எண்டு அவன் கேட்டால் சொல்ல ஒரு சாட்டு வேணுமெல்லே."